இருக்கிற முடிக்குத்தான் மருந்து

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை திறந்து பதினாறு வருடம் ஆகிறது. கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவனுக்கு எதிரே நிற்பவரின் முகம்தான் தெரியும். பணம் எடுக்கத் தலையைக் குனிவார்கள் பாருங்கள், அப்போதுதான் உச்சி தெரியும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் தோல் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்தே, இவருக்கு முடி கொட்ட ஆரம்பித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போது ஒரு கணக்கு வந்துவிடுகிறது.

போன ஆடி மாதம் அப்படி ஒரு தம்பி குனிந்தான். இருபத்து நாலு வயசு இருக்கும். "அண்ணாச்சி, முடி ரொம்பக் கொட்டுது. நல்ல எண்ணெயா ஒண்ணு குடுங்க" என்றான். இதுவரை என்ன போட்டாய் என்று கேட்டேன். கரிசலாங்கண்ணித் தைலம், சின்ன வெங்காயச் சாறு, செம்பருத்தி, பிறகு ஆன்லைனில் வாங்கிய ஏதோ ஒரு சீரம். ஒன்றரை வருடம் போயிருந்தது. காசு போனதற்குக்கூட எனக்கு வருத்தமில்லை. அந்த ஒன்றரை வருடம் போனதுதான் மனசைப் பிசைந்தது. ஏனென்றால் இருபத்தாறு வயதில் நானும் அதையேதான் செய்தேன். ஆச்சி காய்ச்சிக் கொடுத்த எண்ணெய், திருச்செந்தூரில் இரண்டு மொட்டை, "உப்புத் தண்ணிதான் காரணம்" என்று வாளி வாளியாக நல்ல தண்ணீர் சுமந்து குளியல். இரண்டு வருடம் அதில் போயிற்று. அந்த இரண்டு வருடத்தில் நெற்றியின் இரு ஓரத்திலும் போன முடி இன்றுவரை திரும்பவில்லை.

அந்தத் தம்பிக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து நான் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. மருந்துகள் எப்படி வேலை செய்யும், எப்படிப் போட வேண்டும், எங்கே ஏமாறுவோம் என்பது தெரியும். எந்த மருந்து உங்களுக்கு என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண்களின் உடலில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாகவே சிலருக்கு நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் உள்ள முடிவேர்கள் இந்த டிஹெச்டியைத் தாங்குவதில்லை. உடனே செத்துவிடுவதும் இல்லை. முடி உதிர்ந்து மறுபடி முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வேர் கொஞ்சம் சுருங்குகிறது. அடுத்த முறை வரும் முடி முன்பைவிட மெலிசாக, குட்டையாக, நிறம் குறைந்து வருகிறது. கடைசியில் பூனை முடி மாதிரி ஆகி, பிறகு அதுவும் நின்றுவிடும். காதுக்கு மேலும் பிடரியிலும் உள்ள வேர்களுக்கு இந்தப் பலவீனம் கிடையாது. எழுபது வயதுத் தாத்தாவுக்கும் குதிரை லாடம் மாதிரி ஓரத்தில் முடி நிற்பது அதனால்தான்.

அதனால், சீப்பில் எத்தனை முடி வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். உதிர்ந்த இடத்தில் முளைப்பது தடித்த முடியா, மெலிந்த முடியா என்பதுதான் விஷயம். மெலிந்து கொண்டிருக்கிற வேரை மருந்து தூக்கி நிறுத்தும். பல வருடமாக வழவழவென்று ஆகிப்போன இடத்தில் மருந்துக்குப் பிடிமானமே இல்லை. சீக்கிரம் வாருங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பதும் இதனால்தான் நடக்காது. கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கிறது, வேருக்கு அது தெரியாது.

எல்லா முடி உதிர்வும் இந்தப் பரம்பரைச் சொட்டை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அது வேறு. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கும். நாணயம் மாதிரி வட்டமாகப் போனால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது, அது உடலின் எதிர்ப்பு சக்தி முடிவேரையே தாக்குகிற நோய், வைத்தியமும் வேறு. தைராய்டு கோளாறிலும் இரும்புச்சத்துக் குறைவிலும் முடி கொட்டும். தோல் சிவந்து, செதிலாகி, வலித்தால் கடைக்கு வராமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

டாக்டரிடம் என்ன நடக்கும் என்று பலருக்குக் கூச்சம் கலந்த பயம் இருக்கிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விரல் அளவு இருக்கும் ஒரு பூதக்கண்ணாடிக் கருவியைத் தலையில் வைத்து, அதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டினார். முதலில் பிடரி. நூல்கண்டில் இருந்து இழுத்த மாதிரி ஒரே தடிமனில் முடிகள், ஒரு துளையில் இரண்டு, மூன்று சேர்ந்து நின்றன. பிறகு உச்சி. தடித்த முடி ஒன்று, பக்கத்திலேயே அதில் பாதி, அதற்குப் பக்கத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பஞ்சு போல ஒன்று. துளைக்கு ஒரே ஒரு முடி. "இந்த மெலிஞ்சது எல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்கு, இதைத்தான் நாம காப்பாத்தணும்" என்றார். இரண்டு வருடம் கண்ணாடி முன் நின்று எனக்குப் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. சொட்டை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும் நோர்வுட் என்ற அளவுகோலில் ஏழு நிலைகள் உண்டு. நான் அப்போது மூன்றில் இருந்தேன்.

மருந்து தொடங்கும் முன் ஒரு வேலை கட்டாயம். போட்டோ. நெற்றி, இரண்டு ஓரம், உச்சி என்று நாலு படம். அதே அறை, அதே விளக்கு, முடி காய்ந்த நிலை, அதே நீளம். மாதம் ஒருமுறை எடுங்கள், ஆறு மாதம் வரை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். கண்ணாடி தினமும் பொய் சொல்லும். மருந்து பிடிக்கவில்லை என்று கடையில் வந்து சொல்கிறவர்களில் பலரிடம் பழைய படமே இருக்காது. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இப்போது மினாக்ஸிடில். முதலில் இது ரத்தக்கொதிப்புக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் பூசும் திரவமாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988இல் 2 சதவீதத் திரவத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு இன்று வழக்கமாகத் தருவது 5 சதவீதம். ஹார்மோனை இது தொடுவதில்லை. முடி வளரும் பருவத்தை நீட்டிக்கிறது, மெலிந்த முடியைத் தடிக்கவைக்கிறது.

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதைத் தப்பாகத்தான் போடுகிறார்கள், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. டிராப்பரில் 1 மில்லி கோடு வரை எடுங்கள். முடியை வகிடு பிரித்து, தெரிகிற தோலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாலைந்து வகிடு எடுத்தால் உச்சி முழுக்க வந்துவிடும். விரல் நுனியால் பரப்பிவிடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். முடியில் வழிந்தது எல்லாம் வீண். நெற்றியில் இறங்கினால் உடனே துடையுங்கள், இல்லாவிட்டால் புருவத்துக்கு மேல் முடி முளைக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாலு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். ராத்திரி போடுவதாக இருந்தால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட்டுவிடுங்கள், தலையணையில் ஒட்டினால் தூக்கத்தில் முகத்துக்கு வரும். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று நாளைக்கு 2 மில்லி. 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். உங்களுக்கு மூன்று மாதம் வருகிறது என்றால் மிச்சம் பிடித்ததாக நினைக்காதீர்கள், மருந்து தலைக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் பூனை இருக்கிறதா? பாட்டிலை அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மருந்து போட்ட தலையையோ தலையணையையோ நக்கவிடாதீர்கள். மனிதனுக்குப் பூசும் இந்த மருந்து கொஞ்சம் உள்ளே போனாலே பூனைக்கு உயிராபத்து.

தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். பழைய மெலிந்த முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புகிறது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் குளியலறை ஜாலியில் அடைத்துக்கொண்டு கிடந்த முடியைப் பார்த்து அழுதேன், மருந்தை ஓரம் கட்டினேன், எட்டு மாதம் வீணாக்கினேன். நீங்கள் அதைச் செய்துவிடாதீர்கள். பலன் கண்ணுக்குத் தெரிய நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். அரிப்பு வந்தால் பெரும்பாலும் திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால்தான் காரணம், நுரையாக வரும் வகையில் அது இல்லை, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். படபடப்பு, கால் வீக்கம், தலைச்சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இதே மினாக்ஸிடிலைக் குறைந்த அளவு மாத்திரையாகவும் இப்போது தோல் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். இரண்டு வேளை பூச முடியாதவர்களுக்கு வசதிதான். ஆனால் உடம்பெல்லாம் முடி வளரலாம், கால் வீங்கலாம், இதயத் துடிப்பு கூடலாம். பிரஷர், இதயம் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. நண்பன் சாப்பிடுகிறான் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் தருவதில்லை.

அடுத்தது ஃபினாஸ்டரைடு. டிஹெச்டி உருவாவதையே குறைக்கும் மாத்திரை. இதன் பிறப்பு டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஊரோடு சம்பந்தப்பட்டது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தை என்று கருதி வளர்க்கப்பட்டு, பருவம் வந்ததும் ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற ஆய்வாளரின் குழு 1974இல் இதை வெளியிட்டது. அவர்களுக்கு 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) சின்னதாகவே இருந்தது, முன்நெற்றி ஏறவும் இல்லை. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்ற யோசனையில் வந்ததுதான் ஃபினாஸ்டரைடு. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக 1992இலும், முடிக்கு 1 மில்லிகிராமாக 1997இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தில் டிஹெச்டியை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கும்.

பலன் உண்டா? இரண்டு வருட ஆய்வில், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறைந்தது. ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது. என் அனுபவத்தில் மினாக்ஸிடிலை விட என்னைக் காப்பாற்றியது இந்த மாத்திரைதான். மினாக்ஸிடில் செடிக்கு உரம் போடுகிற மாதிரி, இது வேரைக் கடிக்கிற பூச்சியை விரட்டுகிற மாதிரி. இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம். பலன் தெரிய இதற்கும் மூன்றிலிருந்து ஆறு மாதம், முழுதாக எடைபோட ஒரு வருடம். நிறுத்தினால் காத்து வைத்த முடி ஒரு வருடத்துக்குள் போய்விடும். மினாக்ஸிடில் என்றால் நாலைந்து மாதத்திலேயே போகும். ஆகவே முதல் பாட்டில் வாங்கும் முன்பே மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். பத்து வருடம் தாங்குமா என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பக்கவிளைவை மறைக்க மாட்டேன், மிகைப்படுத்தவும் மாட்டேன். ஆண்மை சம்பந்தமான தொந்தரவு, அதாவது ஆசை குறைதல், விறைப்பு குறைதல் போன்றவை, மருந்து நிறுவனத்தின் ஆய்வில் 3.8 சதவீதம் பேருக்கு வந்தன. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2.1 சதவீதம் பேருக்கு வந்தன. பெரும்பாலானோருக்கு நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பிறகும் தொடர்கிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதி செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். மாத்திரை தொடங்குவதை வீட்டில் ஒருவருக்காவது தெரியப்படுத்துங்கள். நான் தொடங்கிய அன்று என் மனைவியிடம், "நான் சிடுசிடுன்னு இருந்தாலோ, பேசாம ஒதுங்கினாலோ உடனே சொல்லு" என்றேன். நம் மனசு சோர்வதை நம்மைவிட அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

குழந்தைக்கு முயற்சி செய்கிற சமயத்தில் டாக்டரிடம் கேளுங்கள், சிலருக்கு விந்தணு குறைவதுண்டு. நாங்கள் அந்தச் சமயம் ஒரு வருடம் மாத்திரையை நிறுத்தினோம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் கையால் தொடக்கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். விலை குறைவு என்று 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நாலாக வெட்டுகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது அந்தப் பழக்கத்தை விடுங்கள். அந்தத் தூள் சமையலறை மேடையில்தான் கிடக்கும்.

டூட்டாஸ்டரைடு என்று இன்னும் பலமான ஒன்று உண்டு. தென்கொரியாவில் 2009இலும் ஜப்பானில் 2015இலும் முடிக்காக அனுமதித்திருக்கிறார்கள். உடம்பை விட்டுப் போகப் பல மாதம் எடுக்கும் என்பதால், ஃபினாஸ்டரைடு போதாதவர்களுக்கு மட்டும் டாக்டர்கள் யோசித்துத் தருவார்கள். மாத்திரை வேண்டாம் என்கிறவர்களுக்கு மினாக்ஸிடிலோடு ஃபினாஸ்டரைடும் கலந்த பூசும் திரவம் கிடைக்கிறது. ரத்தத்தில் சேரும் அளவு குறைவு, ஆனால் சேரவே சேராது என்று நினைக்காதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீட்டோகோனசோல் ஷாம்பூ பொடுகு இருந்தால் நல்லது, தனியாக அதை நம்ப வேண்டாம். பிஆர்பி என்பது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்குப் பலன் தெரிகிறது, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முறையில் செய்கிறார்கள், செலவு அதிகம். மருந்துகளை ஒழுங்காக ஒரு வருடம் போட்டுப் பார்க்காமல் அதில் பணம் போடாதீர்கள். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, உடம்பில் பயோட்டின் குறைவு இல்லாதவர்களுக்கு எதுவும் செய்யாது. தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் தாறுமாறாக்கும், பரிசோதனைக்கு முன் லேபில் சொல்லிவிடுங்கள். எண்ணெய் தேய்ப்பது முடிக்கு வழவழப்பு தரும், அம்மா தேய்த்துவிட்டால் மனசுக்கும் நல்லது, டிஹெச்டியை அது ஒன்றும் செய்யாது. ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போடும் தம்பிகளே, பரம்பரையில் சொட்டை இருந்தால் அந்த ஊசி அதை வேகப்படுத்தும்.

கடைசியாக, முடி நடுவது. என் மைத்துனன் கதையைச் சொன்னால்தான் இது புரியும். அவனுக்கு இருபத்து மூன்று வயதில் முன்நெற்றி ஏறியது. விளம்பரம் பார்த்து, கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்று ஒரு கிளினிக்கில் போய் நட்டுக்கொண்டான். டாக்டர் கையெழுத்து வாங்கும்போது வந்தார், அப்புறம் அவரைக் காணோம். வேலை முழுக்க உதவியாளர்கள் செய்தார்கள். பள்ளிக்கூடப் பையனுக்கு இருக்கிற மாதிரி நெற்றிக்கோட்டைத் தாழ்த்தி வரைந்து நட்டார்கள். மருந்து சாப்பிடச் சொல்லவே இல்லை. நட்ட முடி நன்றாகவே வளர்ந்தது, பிடரியிலிருந்து எடுத்தது அல்லவா, அதை டிஹெச்டி தொடாது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த அவனுடைய சொந்த முடி முப்பது வயதுக்குள் மெலிந்து போய்விட்டது. முன்னால் அடர்த்தியான ஒரு பட்டை, அதன் பின்னால் வெட்டவெளி. அதை நிரப்பலாம் என்றால் பிடரியில் எடுக்க முடி மிச்சமில்லை. இன்று வரை அவன் தொப்பி இல்லாமல் வெளியே வருவதில்லை. குடும்பக் கல்யாண போட்டோக்களில் அவனை ஓரத்தில்தான் தேட வேண்டியிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிடரி முடி என்பது வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி, வட்டி கிடையாது, எடுத்தால் குறையும். ஆகவே ஒரு வருடமாவது மருந்து போட்டு உதிர்வை நிறுத்திய பிறகே நடுவதைப் பற்றிப் பேசுங்கள். இருபதுகளின் தொடக்கத்தில் அவசரப்படாதீர்கள். தோலில் துளை போடுவதும் நடுவதும் யார் கையால் என்று கேளுங்கள். பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மரத்துப்போகும் ஊசியால் ஏதாவது ஆனால் சமாளிக்க என்ன ஏற்பாடு, ஆம்புலன்ஸ் எங்கே என்று கேளுங்கள். 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார், எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மொத்தம் எத்தனை கிராஃப்ட் (பிடரியிலிருந்து வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து), எடுத்த பிறகு பிடரியில் எவ்வளவு மிஞ்சும், அறுபது வயதில் இந்த நெற்றிக்கோடு எப்படித் தெரியும் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், முன்பணத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று பேச்சை மாற்றினால், எழுந்து வந்துவிடுங்கள். நல்ல இடத்தில் நட்டாலும் சில வாரங்களில் நட்ட முடி கொட்டும், மூன்று நாலு மாதத்தில் மறுபடி முளைக்கும், முழுதாகத் தெரிய ஒரு வருடம் ஆகும்.

இன்னொரு சின்ன வேலை. பர்ஸில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, அதன் கீழே இரண்டு வரி. ஒன்று, "ரத்ததானத்துக்கு முன் சொல்ல வேண்டும்": ஃபினாஸ்டரைடு நிறுத்தி ஒரு மாதம் ஆகாமல் ரத்தம் கொடுக்கக் கூடாது, அந்த ரத்தம் கர்ப்பிணிக்கு ஏறலாம். இரண்டு, "பிஎஸ்ஏ பாதியாகக் காட்டும்": புராஸ்டேட் புற்றுநோய்க்கு எடுக்கும் அந்த ரத்தப் பரிசோதனையின் அளவை இந்த மாத்திரை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடும், டாக்டருக்குத் தெரியாவிட்டால் இருக்கிற நோயும் தப்பிவிடும். எனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது. அந்தப் பரிசோதனை வர இன்னும் சில வருடம் இருக்கிறது, அதற்குள் மறந்துவிடுவேன் என்றுதான் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தம்பிக்கும் டாக்டர் சீட்டோடு வந்த அன்று இதே மாதிரி ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். தேதியை அவன் கையாலேயே எழுதினான்.